எலிக்காரர் எழுதிய இருபத்தாறு

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. துறைத் தலைவர் முதல் தண்ணீர்க் கேன் போடுகிறவர் வரை அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் எலிக்காரர். முதலில் யாரோ கிண்டலாக வைத்தது, பிறகு பழகிவிட்டது. வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள்கூட, "எலிக்காரர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்காரு, பொறியில மாட்டிக்கிட்டு இருக்காரு" என்பார் அவர் மனைவி.

விலங்கியல் துறையின் மூன்றாவது மாடியில், இடதுகைப் பக்கம் கடைசி அறை அவருடையது. இரும்பு அடுக்குகளில் நூற்றிருபது கூண்டுகள், கூண்டுக்கு இரண்டு மூன்று வெள்ளை எலிகள், தலைகீழாகச் செருகிய தண்ணீர்ப் புட்டிகள், கீழே மரத்தூள். புதிதாக உள்ளே வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கு அந்த வாடை தெரிவதே இல்லை. கதவைத் திறந்து இரண்டு நிமிடம் நின்றால் போதும், எந்த அடுக்கில் எவனுக்கு உடம்பு சரியில்லை, எவள் ஈனப்போகிறாள் என்று சொல்லிவிடுவார். இருபத்தேழு வருடம் அப்படி நின்றவர்.

அறைக்கு வெளியே, எதிர்ச் சுவர் அலமாரியில், வருடத்துக்கு ஒன்றாக இருபத்தேழு நோட்டுகள் நின்றன. தீனி, தண்ணீர், குட்டி, சாவு, வெப்பம் என்று ஐந்து கட்டம். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள்கூட விட்டதில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணத்தன்றுகூடக் காலையில் வந்து தண்ணீர் வைத்து, எழுதிவிட்டுத்தான் போனார். அந்த நோட்டைப் பார்த்து ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கினவர்களை எண்ண ஆரம்பித்தால் இரண்டு பேருந்து நிறையும்.

முதல் நான்கு கட்டத்தையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதினார். ஐந்தாவது கட்டத்தில்தான் சின்ன சங்கதி. எலி அறையின் வெப்பம் இருபத்திரண்டு டிகிரி இருக்க வேண்டும். இருந்தது. நேற்றும் இருந்தது, போன மாதமும் இருந்தது. தினமும் எட்டிப் பார்த்து அதையே எழுதுவானேன் என்று, எந்த வருடத்தில் ஆரம்பித்ததோ அவருக்கே நினைவில்லை, திங்கட்கிழமை காலையிலேயே ஏழு நாளுக்கும் இருபத்திரண்டு போட்டுவிடுவார். ஏமாற்று வேலை என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சூடு ஏறினால் எலி சொல்லிவிடுமே! வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிண்டம் மாதிரி நீட்டிப் படுத்து, எச்சிலை எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். நூற்றிருபது கூண்டும் நூற்றிருபது தெர்மாமீட்டர் என்பது அவர் கட்சி.

பக்கத்து அறைக்கு ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெண் வந்தாள். பவளப்பூச்சி ஆராய்ச்சி. இவர் எலிக்காரர் என்றால் அவள் பவளக்காரி, பெயர் வைக்க மாணவர்களுக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வரும்போது அவள் கையில் ஒரு டப்பா, டப்பாவில் உப்புத் தண்ணீர், தண்ணீரில் கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு.

"என்னம்மா இது, கல்லா செடியா?"

"விலங்குண்ணா. உங்க எலி மாதிரிதான்."

"எலி மாதிரியா? கண்ணு எங்க, காலு எங்க?"

"வாய் இருக்கு. நூத்துக்கணக்குல வாய்."

"அப்ப இது பொம்பளதான்" என்றார் எலிக்காரர். அவள் முறைத்தாள், பிறகு சிரித்துவிட்டாள். அன்று முதல் இருவருக்கும் ஒத்துப்போனது. கட்டைவிரல் அளவு துண்டு ஆறு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குக் கிளை விட்டு, தேன் நிறத்தில் வளர்ந்து நின்றது. வருடம் விரலகலம் வளர்வதற்கு அவள் அத்தனை பாடுபட்டாள். உப்பு அளப்பாள், விளக்கை மாற்றுவாள், வெப்பத்தை இருபத்தாறில் நிறுத்துவாள். இங்கே அதற்குள் எலி பதினைந்து தலைமுறை போயிருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வரும் நாளுக்காக அவள் ஓர் அட்டை எழுதி இரண்டு அறைக் கதவுக்கும் நடுவே மாட்டினாள். 'இரண்டும் விலங்குகளே' என்று தலைப்பு. இடது பக்கம் எலி, வலது பக்கம் பவளம். எலிக்குப் பல் சாகும்வரை வளரும், பவளத்துக்கு வீடு சாகும்வரை வளரும். எலிக்கு எலும்பு உள்ளே, பவளம் தன் எலும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எலிக்கு ஆயுள் மூன்று வருடம், பவளக் கூட்டத்துக்கு நூற்றுக்கணக்கில். எலியைத் தனியாகப் போட்டால் வாடிவிடும், பவளத்துக்குத் தனி என்பதே கிடையாது. எலிப் பக்கம் முழுக்க அவர் வாயால் சொல்ல அவள் எழுதினது. அதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி இடது பக்கத்தைக் காட்டுவார். வலது பக்கத்தை அவர் ஒரு தரமாவது முழுதாகப் படித்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

போன பருவத்தில் ஒரு நாள் காலை அவள் ஓடிவந்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், உடனே ஊருக்குப் போக வேண்டும், பத்து நாளாவது ஆகும். அந்த அவசரத்திலும் புதிதாகச் சோதித்துக்கொண்டிருந்த தீனிக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஒரு நோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வெப்பம் மட்டும் பார்த்து எழுதிடுங்க. இருபத்தாறு. ஏறினா எனக்குப் போன் பண்ணுங்க. வேற யார்கிட்டயும் இதை நான் நம்பி விட மாட்டேன்."

"நீ போய் அப்பாவைப் பாரும்மா. நான் எலியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிறேன்."

சொன்ன வாக்கை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். அன்று மாலையே உட்கார்ந்து, பத்து நாளுக்கும், இரண்டு வேளைக்கும், இருபது வரியிலும் இருபத்தாறு என்று அழகாக எழுதி முடித்தார்.

தெர்மாமீட்டர் தொட்டியின் பின்மூலையில், ஹீட்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. குனிந்து, கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். அவர் குனியவில்லை. ஆனால் தினமும் இரண்டு வேளையும் தொட்டியின் முன்னால் போய் நின்றார், எலிக் கூண்டின் முன்னால் நிற்பது போல. பவளம் நீட்டிப் படுக்கவில்லை, குவியவில்லை, கத்தவில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று திரும்பினார்.

நான்காம் நாள் அதன் தேன் நிறம் கொஞ்சம் வெளிறியது. ஆறாம் நாள் பால் மாதிரி ஆனது. எலிக்காரருக்குச் சந்தோஷம். அவர் அகராதியில் வெள்ளை என்றால் சுத்தம், சுத்தம் என்றால் சுகம். அழுக்குப் பழுப்பாக இருந்ததைத் தன் கைராசி வெளுக்க வைத்துவிட்டதாக வீட்டில் பெருமை அடித்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், நாளை அவள் வருகிறாளே என்று, கண்ணாடியை உள்பக்கமும் துடைத்து வைக்கலாம் என்று துணியோடு கையைத் தண்ணீருக்குள் விட்டார். குளிக்கிற வெந்நீர் மாதிரி இருந்தது. குனிந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு. ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டு, எத்தனை நாளாகவோ எரிந்துகொண்டிருந்தது.

அப்போதே போன் பண்ணியிருக்கலாம். அவர் அதைத் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாயிற்று. அவர் செய்தது வேறு. ஹீட்டரைப் பிடுங்கினார். எலி அறையிலிருந்து ஐஸ் பைகளை எடுத்துவந்து தொட்டியில் மிதக்கவிட்டார். அவள் அறை அலமாரியில் அதே மாதிரி உபரி ஹீட்டர் ஒன்று இருந்தது, அதை மாட்டினார். பழையதைச் செய்தித்தாளில் சுற்றித் தன் பெட்டிக்குள், தீனி மூட்டைக்கு அடியில் வைத்தார். மறுநாள் காலை தண்ணீர் இருபத்தாறுக்கு வந்துவிட்டது. நோட்டைப் பார்த்தார். அதில் எல்லாம் ஏற்கெனவே சரியாக இருந்தது.

அவள் வந்து தொட்டியைப் பார்த்ததும் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட மறந்து நின்றாள். பிறகு நோட்டை எடுத்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். எலிக்காரர் கதவருகில் நின்றார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். அவள் கேட்கவில்லை.

"வெப்பம் ஏறவே இல்ல. அப்ப நான் ஊத்தினதுதான்" என்றாள். "அவசரத்துல அளவு தப்பிடுச்சு. நானே கொன்னுட்டேன்."

அவர் வாயைத் திறந்தார். வாய் சொன்னது, "அப்பா எப்படி இருக்காரும்மா?"

"தேறிட்டாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொட்டியின் உள்ளே பார்த்தாள். "ஹீட்டரைக்கூடப் பளபளன்னு துடைச்சு வச்சிருக்கீங்க. உங்களை மாதிரி யார்ணா பார்த்துப்பாங்க?"

பவளம் அடுத்த பத்து நாளில் பாசி பிடித்துச் செத்தது. அதைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது எலிக்காரரும் ஒரு பக்கம் பிடித்தார். கல் கனம் கனத்தது.

அதற்குப் பிறகுதான் அவர் அட்டையின் வலது பக்கத்தைப் படித்தார். கடைசி வரி, 'வெப்பம் கூடினால்'. இடது பக்கம், அவரே சொன்னது: வாலைத் தொங்கப் போட்டு நீட்டிப் படுக்கும். வலது பக்கம்: நிறம் வெளுக்கும், உடனே சாகாது, தண்ணீர் ஆறினால் பிழைத்துக்கொள்ளும். ஒரு வருடமாக அவர் மூக்குக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் படித்திருந்தால்கூடப் போதும். கத்தவில்லை என்று நினைத்தாரே, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அது ஐந்து நாள் கத்தியிருக்கிறது, அவர் அதன் எதிரில் நின்று கைராசி என்று மார்தட்டியிருக்கிறார்.

எலிக்காரர் சாவுக்குப் புதியவர் இல்லை. ஆராய்ச்சி முடிந்ததும் எலிகளை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான். ஒவ்வொன்றின் முதுகையும் ஒரு தரம் தடவி, "போயிட்டு வா" என்பார். அந்தப் பாவத்தில் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் பலருக்குப் பங்கு உண்டு. இது அப்படி அல்ல. இது மொத்தமும் அவருடையது. அதை ஒரு பெண் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

திரிந்தாள் என்றால், கண்ணெதிரே திரிந்தாள். ஒரு மாதம் தொட்டியைத் தொடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளைப் பார்த்தால் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு எலி அறைக்குள் நுழைந்துவிடுவார். ஒரு நாள் மடக்கிப் பிடித்துச் சொன்னாள், ஆராய்ச்சியை விட்டுவிடப் போகிறாளாம். ஏதோ பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும்போல இருக்கிறது, வெள்ளிக்கிழமை தலைவரிடம் கடிதம் கொடுக்கிறாளாம்.

"ஒரு உயிரை ஒழுங்கா பார்த்துக்கத் தெரியாதவளுக்கு எதுக்குண்ணா இது?"

அதே வெள்ளிக்கிழமைதான் அவருக்குப் பணி ஓய்வு விழா. தலைவர் பெரிய ஏற்பாடு பண்ணியிருந்தார். மேடையில் ஒரு மேசை போட்டு, இருபத்தேழு நோட்டையும் வரிசையாக வைத்து, "இதுதான்யா வேலை" என்று இளசுகளுக்குக் காட்டப் போகிறாராம்.

வியாழக்கிழமை காலை எலிக்காரர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி வந்து பொத்தானைச் சரிசெய்தார்.

"ஒரு மாசமா தூக்கத்துல இருபத்தாறு இருபத்தாறுன்னு உளர்றீங்க. யாரு அது, அவ வயசா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். அன்று நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். மனைவி கேட்டுக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வெளுத்துப்போச்சுன்னு என்கிட்ட பெருமையா சொன்னீங்களே, அதுவா?"

"அதுதான்."

"நானும் நல்லதுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேனே" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சாப்பாட்டுப் பையை நீட்டினார். "இன்னைக்கே சொல்லிடுங்க. நாளைக்கு மாலை போட்ட பிறகு சொன்னா அதைவிட அசிங்கம் வேற இல்ல."

மதியம் மூன்று மணிக்கு, செய்தித்தாள் சுற்றிய பொட்டலத்தோடு அவர் பக்கத்து அறைக்குப் போனார். காலித் தொட்டியின் அடியில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அவள் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். சுண்ணாம்பு படிந்த பழைய ஹீட்டர்.

"இது அணையாம மாட்டிக்கிச்சும்மா. ஒன்பதாம் நாள்தான் பார்த்தேன். முப்பத்திரண்டு இருந்துச்சு. மாத்தி வச்சுட்டு மறைச்சுட்டேன். நீ ஊத்தினது இல்ல. நான்தான்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "நோட்டுல இருபத்தாறுன்னு இருக்கே."

"நீ போன அன்னைக்கே பத்து நாளுக்கும் எழுதிட்டேன்."

அவள் பழைய ஹீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தார். குரல் தணிந்துதான் வந்தது.

"அப்பாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? அவர் படுக்கையில இருக்கும்போது போன்ல சொன்னேன், உங்களுக்காக ஓடி வந்ததுலதான் அது செத்துச்சுன்னு. மன்னிச்சுடும்மான்னாரு. அதுக்கப்புறம் அவர் எனக்குப் போன் பண்றதே இல்ல. தொந்தரவுன்னு நினைக்கிறாரு."

மன்னித்துக்கொள் என்ற சொல் எலிக்காரருக்கு வாய்வரை வந்தது. அந்த நோயாளி அப்பா சொன்ன சொல்லைத் தானும் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. மென்று விழுங்கினார்.

அவள் மேசையிழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். வெள்ளிக்கிழமைக் கடிதம். கிழிக்கவும் இல்லை, திரும்ப வைக்கவும் இல்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏதோ உறைத்த மாதிரி தலையை நிமிர்த்தி, திறந்திருந்த கதவு வழியாக எதிர்ச் சுவரில் இருந்த அலமாரியைப் பார்த்தாள். இருபத்தேழு நோட்டுகள்.

"அண்ணா, எலி ரூம்லயும் இப்படித்தானா?"

"எலியைப் பார்த்துதான்மா போட்டேன்."

"தெர்மாமீட்டரைப் பார்த்தா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"இங்க வர்றதுக்கு முன்னாடியே, என் முதல் பட்டம் உங்க எலிங்க கணக்கை வச்சுதான் வாங்கினேன்" என்றாள். "இருபத்திரண்டு டிகிரியில அதுங்க எவ்வளவு சாப்பிடுதுன்னு. நாற்பது பக்கம் எழுதினேன். எல்லாத்துக்கும் அடியில உங்க நோட்டு."

சொல்லிவிட்டு அவள் பவள நோட்டைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினாள். ஒரு பேனாவை அதன்மேல் வைத்தாள். வேறு ஒன்றும் சொல்லாமல், போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். "அப்பா" என்று அவள் ஆரம்பிப்பது கேட்டது. அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று தோன்றி, நோட்டின் மேல் குனிந்தார்.

இருபது வரியையும் அடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். முடித்ததும் எழுந்து எதிர் அலமாரிக்குப் போய், முதல் நோட்டை எடுத்தார். அதில் அடிக்கத் தொடங்கினால் இந்தப் பிறவி போதாது. எந்த நாள் பார்த்தது, எந்த நாள் பாராதது என்பதும் அவருக்கே தெரியாது. ஆகவே முதல் பக்கத்தின் உச்சியில், அச்சடித்த மாதிரியான அதே கையெழுத்தில், 'இதிலுள்ள வெப்ப அளவுகள் தினமும் கருவியைப் பார்த்து எழுதியவை அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நோட்டை எடுத்தார்.

பத்தொன்பதாவது நோட்டில் இருக்கும்போது தலைவர் படியேறி வந்தார். "என்ன எலிக்காரரே, இப்பவே கையெழுத்துப் போட ஆரம்பிச்சாச்சா? நாளைக்கு மேடையில எல்லாத்தையும் அடுக்கணும், மறந்துடாதீங்க."

எலிக்காரர் எழுந்து நின்றார். உள்ளே கூண்டுகளில் எலிகள் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன.

"அடுக்கலாம் சார்" என்றார். "முதல் பக்கத்தைப் படிச்சுட்டு, அப்புறமும் அடுக்கணும்னு தோணுச்சுன்னா அடுக்கலாம்."

எழுதி முடித்த நோட்டு ஒன்றைப் பிரித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.